எந்த ஜவ்வு? முட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் முட்டியில் அடிபட்டு ஸ்கேன் எடுத்து வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "ஜவ்வு கிழிஞ்சிருக்காம்" என்பார். எந்த ஜவ்வு என்று கேட்டால் பதில் இருக்காது. நம் பேச்சில் மூன்று வெவ்வேறு பொருளுக்கும் இந்த ஒரே சொல்தான். எலும்போடு எலும்பை இழுத்துக் கட்டும் லிகமென்ட் ஒரு ஜவ்வு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் உட்கார்ந்திருக்கும் மெனிஸ்கஸ் இன்னொரு ஜவ்வு. எலும்பு முனையில் வழுவழுவென்று படர்ந்திருக்கும் குருத்தெலும்பையும் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். வைத்தியம் மூன்றுக்கும் வேறு. உட்பக்க லிகமென்ட் பெரும்பாலும் பிரேஸ் போட்டாலே ஆறிவிடும். மடிந்து மாட்டிக்கொண்ட மெனிஸ்கஸை நாள் கடத்தாமல் விடுவிக்க வேண்டும். தேய்ந்த குருத்தெலும்பைத் தைத்து ஒட்ட முடியாது. எனவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த ஜவ்வு, முழுசாகவா, பாதியா?

லிகமென்ட் முக்கியமாக நான்கு. நடுவில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஏ.சி.எல்., பி.சி.எல்.; உட்பக்கம் எம்.சி.எல்.; வெளிப்பக்கம் எல்.சி.எல். மைதானத்தில் அதிகம் பேசப்படுவது ஏ.சி.எல்.

எம்.ஆர்.ஐ. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி. கேள்வி இல்லாமல் படுத்தால், வேண்டாத பதில்கள் பத்து வரும். அடிபட்ட விதத்திலேயே பாதிக் கேள்வி இருக்கிறது. பொங்கல் சமயத்தில் ஊருக்கு ஊர் கபடி நடக்கும். ரெய்டு போனவர் திரும்பி ஓடும்போது பாதம் மண்ணில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் சுழன்றால் ஏ.சி.எல். போகும். யாரும் தொட்டிருக்கவே வேண்டாம். "உள்ளே படக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, அதுக்கப்புறம் கால் ஊன முடியல" என்பார்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கினால் உள்ளே கட்டியிருப்பது ரத்தம், ஏ.சி.எல். சந்தேகம் வலுக்கும். மறுநாள் காலையில்தான் மெதுவாக வீங்கியது என்றால் மெனிஸ்கஸ் பக்கம் யோசிக்கலாம். ஈ.சி.ஆர். சாலையில் பைக்கில் விழுந்து, மடங்கிய முட்டிக்குக் கீழே முன்பக்கம் நேராக அடி வாங்கியிருந்தால் பி.சி.எல். வெளிப்பக்கத்திலிருந்து யாராவது காலில் வந்து மோதி முட்டி உள்பக்கமாக வளைந்திருந்தால் எம்.சி.எல்.

அதற்கு அடுத்து கைப் பரிசோதனை. ஏ.சி.எல்.லுக்கு லாக்மன் பரிசோதனையை விஞ்ச எதுவும் இல்லை. முட்டியை 20 முதல் 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுப்பார்கள். நல்ல ஏ.சி.எல். இருந்தால் கயிறு இழுபட்டு நிற்பது போல 'டக்'கென்று ஓரிடத்தில் நிற்கும். அறுந்திருந்தால் அந்த நிறுத்தம் இருக்காது; சேற்றில் இழுப்பது போல வழுக்கிக்கொண்டே வரும். 1976-ல் மருத்துவ இதழில் பதிவான சோதனை இது, இன்றும் அதேதான். எத்தனை மில்லிமீட்டர் வந்தது என்பதைவிட இந்த நிறுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதே முக்கியம். மறு காலையும் இழுத்து ஒப்பிட வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு தளர்வாக இருக்கும். வீக்கமும் வலியும் அதிகமாக இருந்தால் தசை இறுகி சோதனை பொய் சொல்லும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

ஸ்கேனுக்கு முன் எக்ஸ்-ரே அவசியம். எக்ஸ்-ரேயில் லிகமென்ட் தெரியாதே என்று தவிர்ப்பவர்கள் உண்டு; அது தவறு. கீழ்க்கால் எலும்பின் வெளி ஓரத்தில், மேல்பக்கம், நகம் அளவுக்கு ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் அதற்கு செகோன்ட் முறிவு என்று பெயர். பாரிஸைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் செகோன்ட் 1879-ல் விவரித்தது. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல்தான். சடலங்களில் முட்டியைத் திருகிப் பார்த்தே அவர் இதைச் சொன்னார். அந்தச் சில்லு தெரிந்தால் ஏ.சி.எல். போயிருக்கும் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சின்ன எலும்புச் சில்லுகள் எம்.ஆர்.ஐ.யில் கண்ணுக்குத் தப்பும், எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரியும்.

எம்.ஆர்.ஐ.க்காகக் காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. பலத்த விபத்தில் முட்டியே இடம் பெயர்ந்து, தானாகவே திரும்ப உட்கார்ந்திருக்கலாம். வெளியே பார்க்க வெறும் வீக்கம்தான். ஆனால் முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கக்கூடும். பாதம் சில்லென்று இருந்தால், வெளுத்திருந்தால், பாத நாடி தெரியாவிட்டால், அந்தக் காலுக்குச் சில மணி நேரம்தான் அவகாசம். நேராக ரத்தக்குழாய் அறுவை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினால் நரம்பும் அடிபட்டிருக்கிறது. இன்னொன்று: அடிபட்ட முட்டியில் எண்ணெய் போட்டு உருவி விடுவதும், பிடித்து நீவுவதும், இறுக்கிக் கட்டுப் போடுவதும் வேண்டவே வேண்டாம். உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்போதும், மெனிஸ்கஸ் மாட்டியிருக்கும்போதும் உருவி விட்டால் இருப்பதும் கெடும்.

மற்றபடி அடிபட்ட அன்றே ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்தபின் ஐஸ், இறுக்காத கட்டு, ஊன்றுகோல் என்று ஒரு வாரம் போகலாம். ஒரே விதிவிலக்கு, முட்டி பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் இருப்பது. ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது. எலும்புக்குள் ஏற்படும் கன்றல் படத்தில் சில வாரங்கள் தெரிந்து, பிறகு மெல்ல மங்கும். எப்படி அடிபட்டது என்பதை அந்தக் கன்றல்தான் காட்டிக்கொடுக்கும். வருடக்கணக்கில் பழசான ஏ.சி.எல். கிழிசலில், அறுந்த நுனி பி.சி.எல். மேல் ஒட்டித் தழும்பாகி, படத்தில் முழுசாக இருப்பது போலவே காட்சி தரும்.

டாக்டர் எழுதித் தரும் ஸ்கேன் சீட்டை வாசித்துப் பாருங்கள். 'முட்டி வலி' என்று இரண்டே சொல் இருந்தால் மரியாதையாகக் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்: எந்தக் கால், எந்தத் தேதியில் அடி, எப்படித் திருகியது, லாக்மன் சோதனையில் என்ன, முன்பு ஆபரேஷன் உண்டா. படம் பார்க்கும் ரேடியாலஜி டாக்டர் உங்களைப் பார்க்கப்போவதில்லை. அந்தச் சீட்டுதான் அவருக்கு நீங்கள்.

எந்த மெஷின் என்ற கேள்வி அடிக்கடி வரும். டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு. முட்டிக்கு 1.5 டெஸ்லா தாராளமாகப் போதும். 3 டெஸ்லாவில் குருத்தெலும்பின் நுட்பம் கூடுதலாகத் தெரியும் என்றாலும், அதற்காக மட்டும் சென்னை போக வேண்டியதில்லை. 0.3 டெஸ்லா அளவிலான திறந்த வகை மெஷினில் முழுசாக அறுந்த ஏ.சி.எல். தெரிந்துவிடும், சின்ன மெனிஸ்கஸ் கிழிசல் நழுவும். டெஸ்லாவைவிட நான் கேட்கச் சொல்வது, முட்டிக்கென்று தனி காயில் (சிக்னலை வாங்கும் கூண்டு) போடுகிறார்களா என்பதைத்தான். உடம்புக்கான பெரிய காயிலைச் சுற்றி எடுத்தால் படம் பொரிபொரியாக வரும். லிகமென்டுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை, எனவே வெறும் வயிறும் வேண்டாம். கதிர்வீச்சும் கிடையாது.

உலோகம்தான் பெரிய விஷயம். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவற்றின் அட்டையையும் கொண்டுபோக வேண்டும். இதய ஸ்டென்ட் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனாலும் சொல்லுங்கள். சிப்காட்டில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்ப்பவர்கள், படகுப் பட்டறையில் இருப்பவர்கள், எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் தெறித்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தூள் தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வைக்கே ஆபத்தாகும். சந்தேகம் இருந்தால் முதலில் கண் எக்ஸ்-ரே எடுப்பார்கள். கொலுசு, மெட்டி, அரைஞாண், தாலிச் செயின், மூக்குத்தி, ஊக்கு, ஹேர்பின் எல்லாம் கழற்ற வேண்டும். மெட்டி இறுகிப்போயிருந்தால் வீட்டிலேயே சோப்பு போட்டுக் கழற்றி வந்துவிடுங்கள். சென்டரில் வந்து போராடினால் விரல் வீங்கி இன்னும் வராது. சரிகைப் புடவை, சரிகை வேட்டியும் வேண்டாம். அந்த இழை சூடேறலாம்.

மேஜையில் படுக்கும்போது கால்தான் முதலில் உள்ளே போகும். தலை குழாயின் வாய்ப் பக்கமே இருக்கும் என்பதால், அடைபட்ட இடம் என்றால் பயப்படுபவர்களுக்கும் முட்டி ஸ்கேன் சமாளிக்கக்கூடியது. காயில் என்பது இரண்டாகத் திறக்கும் ஒரு கூண்டு. முட்டிச்சில்லின் கீழ் நுனி கூண்டின் நடுவில் வரும்படி வைத்து, சுமார் 10 டிகிரி மடங்கலாக, பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து, இருபக்கமும் பஞ்சு மெத்தை திணிப்பார்கள். இந்தத் திணிப்பில் சோம்பல் பட்டால் படம் கெட்டது. காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். மெஷின் தட்டுவது கொட்டு மாதிரி கேட்கும். ஒவ்வொரு சுற்றும் மூன்று நான்கு நிமிடம், மொத்தம் 20 முதல் 30 நிமிடம். ஒரு சுற்றின் நடுவில் கால் அசைந்தால் அந்தச் சுற்றின் எல்லாப் படத்திலும் அலை அலையாகக் கோடு விழும், கிழிசல் போலவே தோன்றும். வலி தாங்காதவர்கள் டாக்டரிடம் கேட்டு முன்னதாக மாத்திரை போட்டுக்கொள்வதும், பாத்ரூம் போய்விட்டு வந்து படுப்பதும் நல்லது. இருமல் வந்தால் இரண்டு சுற்றுக்கு நடுவில் இருமிக்கொள்ளுங்கள்.

இனி படம். பக்கவாட்டு, முன்பின், குறுக்கு என மூன்று திசையிலும், சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாக முட்டியை வெட்டிக் காட்டும். கொழுப்பை இருட்டாக்கி எடுக்கும் வகையில் நீர் வெள்ளையாகத் தெரியும். அடிபட்ட இடத்தில் நீர் கோக்கும் என்பதால் அடி வெளிச்சமாகத் தெரியும். நல்ல லிகமென்ட் கறுப்பு. பக்கவாட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனால், நடுவில் மூன்று நான்கு துண்டுகளில் ஏ.சி.எல். வரும். தொடை எலும்பின் பின்புறத்திலிருந்து கீழ்க்கால் எலும்பின் முன்னால் வரை, விறைப்பாகச் சாய்ந்து இறங்கும் பட்டை. பி.சி.எல். கரியால் இழுத்தது போல் முழுக் கறுப்பு. ஏ.சி.எல். அப்படி இருக்காது, நடுவில் இழை இழையாகச் சாம்பல் தெரியும், அது இயல்பு. அதன் சாய்வு, மேலே இருக்கும் எலும்புக் கூரையின் கோட்டோடு ஏறக்குறைய இணையாகப் போக வேண்டும். அறுந்தால் பட்டை இருந்த இடத்தில் வெள்ளை மேகம் நிற்கும், அல்லது நுனி சரிந்து தரையோடு படுத்துக் கிடக்கும்.

அங்கே தெளிவில்லை என்றால் சுற்றுவட்டாரத்தில் தேட வேண்டும். தொடை எலும்பின் வெளிப்பக்க நடுப்பகுதியிலும், கீழ்க்கால் எலும்பின் வெளிப்பக்கப் பின்மூலையிலும் ஒரே நேரத்தில் வெள்ளைக் கறை இருந்தால், கால் சுழன்றபோது இந்த இரண்டு எலும்பும் ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன. ஏ.சி.எல். விட்டுக்கொடுக்காமல் பெரியவர்களுக்கு அப்படி முட்டுவது அரிது. கீழ்க்கால் எலும்பு 5 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே தள்ளியிருப்பதும், பி.சி.எல். தளர்ந்து கேள்விக்குறி போல வளைவதும் அதே கதையைத்தான் சொல்லும். முட்டிச்சில்லின் உள் ஓரத்திலும் தொடை எலும்பின் வெளி ஓரத்திலும் கறை இருந்தால் கதை வேறு. அது முட்டிச்சில்லு விலகி மீண்டும் உட்கார்ந்த அடி. வீக்கமும் 'படக்' சத்தமும் இரண்டிலும் ஒன்றேதான் என்பதால் இவை இரண்டும் அடிக்கடி குழம்பும்.

முழுசாக அறுந்த ஏ.சி.எல்.லை எம்.ஆர்.ஐ. 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிடிக்கும். பாதிக் கிழிசலில் அந்த உறுதி இல்லை. ரிப்போர்ட்டில் பாதிக் கிழிசல் என்று வந்து, கைப் பரிசோதனையில் நல்ல நிறுத்தம் இருந்தால் அந்த ஏ.சி.எல். வேலை செய்கிறது. காகிதம் என்ன சொன்னாலும் கை சொல்வதற்கே நான் மதிப்பு கொடுப்பேன். நடுவயதுக்காரர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. அடியே படாமல் ஏ.சி.எல். பருத்து, உள்ளே வெள்ளையும் கறுப்புமாக, முருங்கைக்காயைப் பிளந்தது போல நார் நாராகத் தெரியும். அது வயதால் வரும் சிதைவு. இழைகள் அறுபடாமல் முழு நீளத்துக்கும் போகும். முட்டியும் உறுதியாகவே இருக்கும். இதைக் கிழிசல் என்று படித்து ஆபரேஷன் பேச்சு வந்தால் இன்னொரு கண் பார்க்கட்டும்.

பி.சி.எல். நேர்மாறு. அது அறுந்து தொங்குவதைவிட, உள்ளே நைந்து பருப்பது அதிகம். ஆறிய பிறகு படத்தில் நல்ல கறுப்பாகவே தெரியும், ஆனால் நீண்டு தளர்ந்திருக்கும். பழைய பி.சி.எல். அடிக்கு, படம் நன்றாக இருக்கிறது என்ற பதில் போதாது. வெளிப்பக்கப் பின்மூலைக் கட்டுகளையும் தனியே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருந்த அடியைக் கவனிக்காமல் ஏ.சி.எல். மட்டும் மாற்றினால், புது ஏ.சி.எல்.லும் நாளடைவில் நைந்துபோகும்.

55 டிகிரி விஷயமும் சொல்ல வேண்டும். காந்தப் புலத்துக்கு 55 டிகிரி சாய்வில் ஓடும் நார், சில வகைச் சுற்றுகளில் அடிபடாமலே வெளிச்சமாகத் தெரியும். பி.சி.எல்.லின் வளைவிலும் முட்டிச்சில்லின் கீழ்த் தசைநாரிலும் இது வரும். டி2 என்ற வகைச் சுற்றில் அதே இடம் கறுப்பாக இருந்தால் கிழிசல் இல்லை.

மெனிஸ்கஸில் 'கிரேடு 2' என்ற சொல்லைப் பார்த்து எத்தனையோ பேர் கலங்குகிறார்கள். கிரேடு 1, 2 இரண்டும் உள்ளுக்குள் இருக்கும் மாற்றம், கிழிசல் அல்ல. வெள்ளைக் கோடு மேல்பரப்பையோ கீழ்ப்பரப்பையோ தொட வேண்டும், அதுவும் இரண்டு துண்டுகளிலாவது தொட வேண்டும். அப்போதுதான் கிழிசல் என்று உறுதியாகச் சொல்வார்கள். அப்படிக் கிழிந்திருந்தாலும் அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரை 991 பேரை ஸ்கேன் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதம் முட்டியில் வலியே இல்லை.

ஆனால் ஒரு கிழிசலை மட்டும் வயசு, தேய்மானம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உட்பக்க மெனிஸ்கஸின் பின் வேர், அதாவது அது பின்பக்கம் எலும்போடு பிடித்திருக்கும் இடம். நடவு, களையெடுப்பு, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பு என்று நாளெல்லாம் குத்துக்காலிட்டோ தரையில் மடக்கியோ உட்காரும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு, ஒருநாள் எழுந்திருக்கும்போது முட்டிக்குப் பின்னால் 'படக்'கென்று விடும். அடி இல்லை, பெரிய வீக்கமும் இல்லை. எக்ஸ்-ரேயில் லேசான தேய்மானம். மாத்திரையும் தைலமுமாக மாதங்கள் ஓடும். வேர் அறுந்தால் மெனிஸ்கஸ் முழுசாக இருந்தும் பயனில்லை. எடை தாங்காமல் வெளியே பிதுங்கும், எலும்போடு எலும்பு உரசிக் குருத்தெலும்பு வேகமாகப் போய்விடும். முன்பின் படத்தில் பின்கோடித் துண்டுகளைப் பார்த்தால் வேர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பிளவு தெரியும். பக்கவாட்டில் கறுப்பு முக்கோணம் ஒரு துண்டில் இருந்து அடுத்ததில் மறைந்துபோகும். 3 மில்லிமீட்டருக்கு மேல் பிதுங்கல் இருந்தால் வேரைத் தேடியே ஆக வேண்டும். குருத்தெலும்பு நன்றாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் தைத்துக்கொடுக்க வழி உண்டு. இந்தச் சந்தேகத்தைச் சீட்டில் எழுதி அனுப்புவது, அந்த அம்மாவின் முட்டிக்குச் செய்யும் பெரிய உதவி.

எம்.ஆர்.ஐ. தவறவிடும் இடமும் தெரிந்திருக்கட்டும். ஏ.சி.எல். கிழிந்தவர்களுக்கு உட்பக்க மெனிஸ்கஸின் பின்னோரம் மூட்டு உறையிலிருந்து பிரிந்திருக்கலாம். காலை நீட்டி வைத்துப் படம் எடுப்பதால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். சின்னத் துளை வழியே மூட்டுக்குள் பார்க்கும் ஆர்த்ராஸ்கோபியில் கேமராவைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் உறுதியாகும்.

முன்பே ஏ.சி.எல். ஆபரேஷன் ஆனவர்கள் எந்த வகை ஸ்க்ரூ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துச் சொல்லுங்கள். டைட்டானியம் என்றால் அருகில் கொஞ்சம் கறுப்பு நிழல் விழும். ஸ்டீல் என்றால் நிழல் பெரிது, படத்தை விழுங்கும். அதற்கேற்ப டெக்னீஷியன் சுற்றுகளை மாற்றி எடுக்க முடியும். ஸ்கேன் தொடங்கிய பிறகு சொன்னால் திரும்ப முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

கடைசியாகக் கையில் வாங்க வேண்டியவை. பிலிம் ஷீட்டில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். கடலூரில் எடுத்துவிட்டு ஜிப்மருக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். எல்லாத் துண்டுகளும், எல்லாச் சுற்றும் அதில் இருக்க வேண்டும். நகர்த்தி நகர்த்திப் பார்த்தால்தான் மேலே சொன்னதெல்லாம் தெரியும். செல்போனில் பிலிமைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி எவரிடமும் முடிவு கேட்காதீர்கள். சென்டரை விட்டுக் கிளம்பும் முன் சி.டி. திறக்கிறதா, மேலே உங்கள் பெயரும் வயதும் சரியா, இடது வலது மாறாமல் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.